பத்துக் காசு முதல் பனிக்கட்டி வாளி வரை



கடைக்காரரிடம் விற்பதற்குச் சரக்கு இருக்கிறது. அரசாங்கத்திற்கு வரி வாங்கும் அதிகாரம் இருக்கிறது. பொதுநலச் சங்கத்திடம் இவ்விரண்டும் கிடையாது. நோயாளிக்கு மருந்து வாங்கவும், ஏழைப் பிள்ளைக்குப் புத்தகம் கொடுக்கவும், வெள்ளத்தில் வீடிழந்தவருக்குச் சோறு போடவும் அது பிறர் கையை எதிர்பார்த்தே நிற்க வேண்டியிருக்கிறது. ஆகவே, இலாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு முதலில் தன்னை நாலு பேருக்குத் தெரியப்படுத்திக்கொள்ள வேண்டும். பிறகு கேட்க வேண்டும். அதன்பின், கொடுத்தவர் மறுமுறையும் கொடுக்கும் மனத்தோடு இருக்கும்படி நடந்துகொள்ள வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் கடினமானது என்பது சங்கம் நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இக்காலத்தில் இவ்வேலைகள் பெரும்பாலும் கைத்தொலைபேசியில் நடக்கின்றன. உங்கள் தொலைபேசிக்கும் வந்திருக்கும்: மருத்துவமனைக் கட்டிலில் ஒரு குழந்தையின் படம், கீழே ஒரு வங்கிக் கணக்கு எண், ‘எல்லாருக்கும் பகிருங்கள்’ என்று ஒரு வேண்டுகோள். இது நேற்று வந்த பழக்கம் என்று எண்ணுபவர் பலர். கருவி புதிதுதான். ஆனால் முகம் தெரியாத இலட்சக்கணக்கானவர்களிடம் சிறு தொகை கேட்டுப் பெரிய காரியம் செய்யும் முறைக்கு வயது அதிகம். அது பெருவழக்கானதில் நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் வானொலிக்கும் பங்குண்டு.

அமெரிக்காவில் நடந்த கதை அது. இளம்பிள்ளை வாதம் என்ற போலியோ நோய் அங்கே கோடைதோறும் குழந்தைகளை முடமாக்கிக்கொண்டிருந்த காலம். பிராங்கிளின் ரூஸ்வெல்ட் என்பவருக்கு 1921-ஆம் ஆண்டில், தமது 39-ஆம் வயதில், இந்நோய் கண்டது. கால்கள் இரண்டும் செயலிழந்தன. அப்படியிருந்தும் அவர் 1933-இல் அந்நாட்டின் அதிபரானார். போலியோவை எதிர்த்துப் போராட 1938 ஜனவரியில் ஓர் அறநிறுவனம் தொடங்கப்பட்டது. அதற்குப் பணம் திரட்ட வேண்டும். செல்வந்தர்களை அழைத்து விருந்து வைத்து வசூலிப்பது அதுவரை இருந்த வழக்கம். எட்டி காண்டர் என்ற வானொலி நகைச்சுவைக் கலைஞருக்கு வேறொரு யோசனை தோன்றியது. ‘ஆளுக்கு ஒரு டைம் அனுப்புங்கள், நேரே அதிபரின் வெள்ளை மாளிகைக்கே அனுப்புங்கள்’ என்று அவர் வானொலியில் கேட்டுக்கொண்டார். டைம் என்பது அமெரிக்காவின் பத்துக் காசு நாணயம். அந்த இயக்கத்திற்கு ‘டைம்களின் அணிவகுப்பு’ என்ற பெயரையும் அவரே சூட்டினார்.

சில நாட்களில் வெள்ளை மாளிகையின் அஞ்சல் அறை நிரம்பி வழிந்தது. தாளில் ஒட்டிய நாணயங்களும், குழந்தைகள் கிறுக்கலாக எழுதிய கடிதங்களும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. அரசாங்கக் கடிதங்களைத் தேடி எடுப்பதே பெரும்பாடாயிற்று. எண்ணிப் பார்த்தபோது 26 இலட்சத்து 80 ஆயிரம் நாணயங்கள், அதாவது 2 இலட்சத்து 68 ஆயிரம் டாலர் சேர்ந்திருந்தது. இவ்வாறு ஆண்டுதோறும் திரண்ட பணத்தில்தான் மருத்துவர் ஜோனஸ் சால்க் ஆராய்ச்சி செய்தார். அவர் கண்டுபிடித்த தடுப்பு மருந்து பாதுகாப்பானது, பயன் தருவது என்று 1955 ஏப்ரல் 12-ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. ரூஸ்வெல்ட் இறந்து அன்றோடு சரியாகப் பத்து ஆண்டுகள். நம் பிள்ளைகளுக்குச் சுகாதார நிலையத்தில் போலியோ தடுப்பு மருந்து கொடுக்கிறார்கள் அல்லவா? அதன் பின்னால் அந்தப் பத்துக் காசுகளும் இருக்கின்றன.

ஏன் பத்துக் காசு? நூறு டாலர் கேட்டிருந்தால் ஆயிரம் பேர் கொடுத்திருப்பார்கள். மற்றவர்கள் வெறுமனே கேட்டுக்கொண்டு இருந்திருப்பார்கள். பத்துக் காசு என்பதால் பள்ளிக்கூடப் பையனும் கொடுத்தான். கொடுத்தபின் அது அவனுடைய இயக்கமாகிவிட்டது.

இதை நம் நாட்டுத் தோட்டப்புற மக்களுக்கு யாரும் அயல்நாட்டுக் கதையாகச் சொல்லத் தேவையில்லை. 1950-களின் நடுவில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்த சமயம், அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி தம் பத்திரிகையின் வாயிலாகக் குரல் எழுப்பினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. சாதாரணத் தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு வெள்ளியாகக் கொடுத்தார்கள். தங்கள் பிள்ளை பல்கலைக்கழக வாசலை மிதிப்பான் என்று அன்று அவர்களில் எத்தனை பேர் கனவு கண்டிருக்க முடியும்? இருந்தும் கொடுத்தார்கள். அக்காலத்தில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பது வழக்கம். ஒரு பிரதி பத்து வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கு ‘பகிர்தல்’ என்று சொல்கிறோமே, அதுதான் இது.

அடுத்த சில ஆண்டுகளில் தோட்டத் துண்டாடல் என்ற துயரம் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவியவர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தார்கள். இதற்கு மாற்றாக 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். கூட்டுறவுச் சங்கம் அறநிறுவனத்திலிருந்து வேறுபட்டது. அதில் உறுப்பினரே உரிமையாளர். ஆனால் மக்களைத் திரட்டிய முறை ஒன்றுதான். அவரும் அவர் துணைவியாரும் தோட்டம் தோட்டமாகப் போய், மக்கள் முன்னால் நின்று, இது எதற்காக என்று எடுத்துச் சொன்னார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கட்டிய பணம் மண்ணாக, மரமாகக் கண்முன் நின்றது. அதைப் பார்த்தபின் அடுத்தவரைச் சேர்ப்பதற்கு மேடைப் பேச்சு அவ்வளவாகத் தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம்.

வானொலிக்கும் பத்திரிகைக்கும் ஒரு குறை உண்டு. நான் இங்கிருந்து பேசுகிறேன். நீங்கள் அங்கிருந்து கேட்கிறீர்கள். உங்களுக்கு ஒரு சந்தேகம் எழுந்தால் உடனே என்னைக் கேட்க வழியில்லை. பக்கத்துத் தோட்டத்துத் தங்கைக்கு இதைச் சொல்ல வேண்டுமானால் நீங்கள் நடந்துதான் போக வேண்டும். 2004-இல் முகநூலும், 2005-இல் யூடியூப்பும், 2009-இல் வாட்சாப்பும் வந்தபின் இந்த நிலை மாறியது. கேட்பவரே சொல்பவராகவும் ஆனார். இம்மாற்றம் பொதுநலச் சங்கங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை 2014-ஆம் ஆண்டின் பனிக்கட்டி வாளி இயக்கம் நன்றாகக் காட்டுகிறது.

ஏ.எல்.எஸ். என்று ஒரு கொடிய நோய் இருக்கிறது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். கை தளரும், கால் விழும், பேச்சுப் போகும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நின்றுவிடும். பெரும்பாலோருக்கு அறிவு மட்டும் தெளிவாகவே இருக்கும்; நடப்பதெல்லாம் தெரிந்துகொண்டே படுத்திருக்க வேண்டும். நோய் கண்டவர்கள் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் நீண்ட காலம் வாழ்ந்தது அரிய விதிவிலக்கு. அரிய நோய் என்பதால் இதைப்பற்றிப் பொதுமக்களுக்குத் தெரியாது. தெரியாததால் பணமும் வராது. ஏ.எல்.எஸ். சங்கம் என்ற அமெரிக்க அமைப்பு பல்லாண்டுகளாக இந்நிலையில்தான் இருந்தது.

2014 கோடையில் அமெரிக்காவில் ஒரு விளையாட்டு பரவிக்கொண்டிருந்தது. தலையில் பனிக்கட்டித் தண்ணீரை ஊற்றிக்கொள்வது, இல்லாவிட்டால் ஏதேனும் ஓர் அறப்பணிக்குப் பணம் கொடுப்பது. அது எந்த ஒரு சங்கத்துக்கும் உரியதாக இருக்கவில்லை. ஜூலை மாதத்தில் புளோரிடாவைச் சேர்ந்த ஒரு கோல்ப் விளையாட்டுக்காரர், தம் உறவினர் அந்தோணி செனெர்க்கியா இந்நோயால் அவதிப்படுவதை நினைத்து, ஏ.எல்.எஸ். சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்து அது நியூயார்க்கைச் சேர்ந்த பாட் குவின் என்ற இளைஞருக்கும், பாஸ்டனைச் சேர்ந்த பீட் பிரேட்ஸ் என்ற முன்னாள் பேஸ்பால் வீரருக்கும் போய்ச் சேர்ந்தது. இருவருமே நோயாளிகள். இருவருக்கும் நிறைய நண்பர்கள். அவர்கள் கையில் அது தீயாகப் பரவியது.

விதி எளியது. தண்ணீரை ஊற்றிக்கொள்ளும் காட்சியைப் படம் பிடித்து முகநூலில் போட வேண்டும். போடும்போது மூன்று பேரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அழைக்கப்பட்டவர் 24 மணி நேரத்துக்குள் தாமும் ஊற்றிக்கொள்ள வேண்டும், அல்லது சங்கத்துக்கு நூறு டாலர் கொடுக்க வேண்டும். பலர் இரண்டையும் செய்தார்கள்.

பெயர் சொல்லி அழைத்ததில்தான் சூட்சுமம் இருந்தது என்று நான் கருதுகிறேன். ‘பொதுமக்களே, உதவுங்கள்’ என்றால் பக்கத்தில் இருப்பவரைத்தான் சொல்கிறார்கள் என்று நாம் பேசாமல் இருந்துவிடுவோம். ‘முனியம்மா அக்கா, உங்களைத்தான்’ என்றால் எழுந்திருக்கத்தான் வேண்டும். நம் கல்யாண வீடுகளில் மொய் எழுதும்போது பெயரும் தொகையும் நோட்டில் ஏறுவதில்லையா? நாளைக்கு நம் வீட்டுக் கல்யாணத்தில் அந்த நோட்டைத்தானே புரட்டிப் பார்க்கிறோம்? பத்திரிகைகளில் நன்கொடையாளர் பட்டியல் வெளியிட்டதும் இதே காரணத்துக்காகத்தான். முகநூல் அந்த நோட்டை ஊரார் எல்லாருக்கும் திறந்து காட்டியது.

முகநூல் நிறுவனத்தின் கணக்குப்படி, அந்தக் கோடையில் ஒரு கோடியே 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட காணொளிகள் பதிவாயின. 44 கோடிப் பேர் அவற்றைப் பார்த்தார்கள். ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 29 வரையிலான ஒரு மாதத்தில் சங்கத்துக்கு வந்த தொகை 10 கோடியே 9 இலட்சம் டாலர். அதற்கு முந்திய ஆண்டு இதே காலத்தில் வந்தது 28 இலட்சம் டாலர்தான். கோடை முடிவதற்குள் அது 11 கோடியே 50 இலட்சத்தை எட்டியது.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த யோசனையைச் சங்கம் கண்டுபிடிக்கவில்லை. எந்தக் கூட்டத்திலும் தீர்மானம் போடவில்லை. ஆதரவாளர்கள் தாமாகவே தொடங்கினார்கள். சங்கம் அவர்கள் பின்னால் ஓடி, பணம் கட்டும் வழியைச் சீர்செய்து, நன்றி சொன்னது. நம் பக்கத்துச் சங்கத் தலைவர்களில் சிலருக்கு இது கொஞ்சம் கசப்பாக இருக்கும். தாங்கள் ஒலிபெருக்கியைப் பிடித்தால்தான் காரியம் நடக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஏ.எல்.எஸ். சங்கமும் ஓர் இடத்தில் சறுக்கியது. ‘பனிக்கட்டி வாளி’ என்ற பெயரைத் தன் உரிமையாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது. மக்கள் கோபப்பட்டார்கள். சில நாட்களில் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது.

குறை சொன்னவர்களும் இருந்தார்கள். கலிபோர்னியாவில் கடும் வறட்சி நிலவிய ஆண்டு அது. தண்ணீரை இப்படி வீணாக்கலாமா என்று கேட்டார்கள். தன்னைக் காட்டிக்கொள்ளத்தானே ஊற்றிக்கொள்கிறார்கள் என்றார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. நோயின் பெயரையே சொல்லாமல் தண்ணீரை ஊற்றிச் சிரித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. சங்கம் ஆண்டுதோறும் இதை நடத்தலாம் என்று முயன்றது. ஆனால் 2014-இன் அலை மறுபடி எழவில்லை.

அலை போனபின் சங்கம் என்ன செய்தது என்பதற்கு வருமுன், வேறோர் அலையைப் பார்த்துவிடுவோம். இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2012 மார்ச் 5-ஆம் நாள், ‘இன்விசிபிள் சில்ரன்’ என்ற அமெரிக்க அமைப்பு ஏறத்தாழ அரைமணி நேரப் படம் ஒன்றை இணையத்தில் வெளியிட்டது. ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில் குழந்தைகளைக் கடத்திப் போர்வீரர்களாக்கிய ஜோசப் கோனி என்பவனைப் பிடிக்க வேண்டும் என்பது அதன் வேண்டுகோள். ஆறே நாட்களில் பத்துக் கோடி முறை அது பார்க்கப்பட்டது. இளைஞர்கள் கண்ணீர் விட்டார்கள், பணம் அனுப்பினார்கள், சுவரொட்டிப் பெட்டிகளை வாங்கினார்கள்.

பிறகு கேள்விகள் கிளம்பின. கோனியின் கூட்டம் பல ஆண்டுகளுக்கு முன்பே உகாண்டாவை விட்டுப் போய்விட்டதே, படத்தில் ஏன் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை? வந்த பணத்தில் எவ்வளவு படம் எடுக்கவும் பயணத்துக்கும் போகிறது, எவ்வளவு அந்த மக்களுக்குப் போகிறது? உகாண்டாவில் அப்படத்தைத் திரையிட்டபோது, துன்பப்பட்ட மக்களே சினம் கொண்டார்கள். ஏப்ரல் 20-ஆம் நாள் இரவு உலகெங்கும் நகரங்களில் சுவரொட்டி ஒட்டுவதாகத் திட்டம். அன்று தெருவுக்கு வந்தவர்கள் மிகச் சிலரே. கோனி பிடிபடவும் இல்லை. 2014 டிசம்பரில் அந்த அமைப்பு தன் பணிகளில் பெரும்பகுதியை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. பத்துக் கோடி பார்வைகள் ஓர் அமைப்பை மூன்று ஆண்டு தாங்கவில்லை.

ஏ.எல்.எஸ். சங்கம் தாங்கியதற்குக் காரணம், பணம் போன வழியைச் சொல்லிக்கொண்டே இருந்தது. வந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஆராய்ச்சிக்கு ஒதுக்கியது. 2016-இல், அந்நிதியின் துணையோடு நடந்த பன்னாட்டு ஆராய்ச்சியில், இந்நோயோடு தொடர்புடைய ‘நெக்1’ என்ற மரபணு அடையாளம் காணப்பட்டது. அந்நிதி உதவிய மருந்தொன்றுக்கு 2022 செப்டம்பரில் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. பிறகு செய்த பெரிய சோதனையில் அம்மருந்து எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. 2024 ஏப்ரலில் அதைத் தயாரித்த நிறுவனமே விற்பனையிலிருந்து மீட்டுக்கொண்டது. சங்கம் அந்தத் தோல்வியையும் ஆதரவாளர்களுக்கு மறைக்கவில்லை. செனெர்க்கியா 2017-இலும், பிரேட்ஸ் 2019-இலும், குவின் 2020-இலும் காலமானார்கள். நோய்க்கு இன்னும் முழு மருந்து இல்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2021 ஜூன் இறுதியில், முழு நடமாட்டக் கட்டுப்பாட்டால் பலர் வருமானம் இழந்து தவித்தபோது, ‘உதவி வேண்டுமா, வீட்டு முன்னால் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுங்கள்’ என்ற செய்தி முகநூல் வழியே நாடெங்கும் பரவியது. வாய்விட்டுக் கேட்கக் கூசியவர்கள் துணியைக் கட்டினார்கள். அக்கம்பக்கத்தார் அரிசியும் முட்டையும் கொண்டுவந்து வைத்தார்கள். பொதுநல அமைப்புகள், கொடி கட்டிய வீடுகளின் இருப்பிடத்தைத் தொலைபேசியில் பகிர்ந்து, வண்டியில் பொருள் அனுப்பின. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே தெருவில் இருந்ததால் ஏமாற்று வேலைக்கு இடம் குறைவாக இருந்தது.

தூரத்திலிருந்து வரும் வேண்டுகோளில் அந்த வசதி இல்லை. முகநூலில் ஒரு சங்கத்தைப் பத்தாயிரம் பேர் பின்தொடர்ந்தாலும், அது எழுதுவது அத்தனை பேர் கண்ணிலும் படாது. எதை அதிகம் பேர் விரும்பித் தொடுகிறார்களோ, அதையே இயந்திரம் மேலும் பலருக்குக் காட்டுகிறது. ஆகவே அழுகிற குழந்தையின் படம் முந்தி வரும். வரவு செலவுக் கணக்கு பின்தங்கிவிடும். நல்ல சங்கங்களும் இந்த நெருக்கடியில்தான் வேலை செய்கின்றன. வாட்சாப்பில் நிலைமை வேறு. அங்கே செய்தி தெரிந்தவர் கையிலிருந்து வருகிறது. ‘அண்ணன் அனுப்பியிருக்கிறார், பொய்யாக இருக்காது’ என்று நம்பிவிடுகிறோம். அண்ணனுக்கு யார் அனுப்பினார் என்று கேட்பதில்லை. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்று அந்நிறுவனம் 2020 ஏப்ரலில் கட்டுப்பாடு வைத்ததற்கும் பொய்ச் செய்திகளின் பெருக்கமே காரணம். இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி அப்படிப் பலமுறை கைமாறி வந்தது. அதிலுள்ள குழந்தை என்றோ குணமாகி வீடு திரும்பியிருக்கவும் கூடும்.

எங்கள் பள்ளியில் நூலக அலமாரிக்காகப் பெற்றோரிடம் ஆளுக்கு ஐந்து வெள்ளி கேட்டோம். அலமாரி வந்து இறங்கியதும், கடைப் பற்றுச்சீட்டையும், மிச்சமிருந்த சில்லறைக் கணக்கையும், பிள்ளைகள் புத்தகம் அடுக்கும் படத்தையும் பெற்றோர் குழுவில் போட்டோம். அதில் ஒருவரும் பெரிதாக ஒன்றும் எழுதவில்லை. ஆனால் அடுத்த தவணையில் மின்விசிறிக்குக் கேட்டபோது இரண்டே நாட்களில் தொகை சேர்ந்துவிட்டது.

நம் நாட்டில் பதிவு பெற்ற சங்கங்கள், 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தித் தங்கள் கணக்கைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். வீடு வீடாகவும் தெருவிலும் நன்கொடை வசூலிக்க 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தோட்டத்துக்கு உண்டியல் ஏந்தி வருபவரிடம் அந்தச் சீட்டைக் காட்டச் சொல்லலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. தொலைபேசியில் வரும் வேண்டுகோளானால், சங்கத்தின் பதிவு எண் என்ன, வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கிறதா அல்லது தனியாள் பெயரில் இருக்கிறதா, சென்ற முறை திரட்டிய பணத்தில் என்ன செய்தார்கள் என்று எழுதிக் கேளுங்கள். பதில் எழுதுவதற்கு அவர்களுக்கும் அதே தொலைபேசி இருக்கிறது.